பாசறைக்கு ஒரு மின்சூள்

இருளோடு மனிதன் நடத்திய போராட்டம் மிகத் தொன்மையானது. தென்னோலையையும் பனையோலையையும் இறுகக் கட்டிக் கொளுத்திய சூளை ஏந்தியே நம் முன்னோர் ஒழுங்கைகளிலும் கடற்கரைகளிலும் இரவு வேளைகளில் நடமாடினர். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்கும், காற்றுக்கு அணையாத அரிக்கன் லாம்பும் வந்தன. இன்று ஒரு விரலசைவில் ஒளி தரும் கைவிளக்கு ஏழை எளியோர் வீடுகளிலும் இடம் பெற்றுள்ளது. பழைய சூளின் நினைவு மாறாவண்ணம் நமது பாடநூல்கள் இதற்கு ‘மின்சூள்’ எனப் பெயரிட்டுள்ளன. மக்கள் வழக்கிலோ இது ‘ரோச்’ என்றே வழங்கும்.

வீட்டில் இருக்கும்போது மின்சூளின் அருமை எவர்க்கும் புலப்படுவதில்லை. மின்சாரம் தடைப்படும் சில நாழிகைகளுக்கு மட்டும் அது தேடப்படும். பின்னர் அலுமாரியின் மூலையில் மறக்கப்படும். ஆனால், பாடசாலைச் சாரணர் குழுவொன்று வன்னியில் ஒரு குளக்கரையில் இரண்டு இரவுகள் பாசறை அமைத்துத் தங்குகின்றதெனக் கொள்வோம். அங்கே தெருவிளக்கு இல்லை. அயல்வீட்டு வெளிச்சமும் இல்லை. நமது நாடு பூமத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், ஆண்டின் எல்லா மாதங்களிலும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கும். ஆகவே இரண்டு இரவுகள் என்பது 24 மணி நேர இருள். அந்த இருளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணாகவும் காவலாகவும் அமைவது கையிலுள்ள மின்சூளேயாகும்.

இரண்டாம் நாள் இரவு, பாசறைத் தீ அணைந்தபின், பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கைகால் கழுவுவதற்காகக் கூடாரத்தை விட்டு வெளியே செல்கின்றான். பாதி வழியில் அவனது மின்சூள் மங்கி, மின்மினி போலாகி, அணைந்துவிடுகின்றது. புறப்படும்போது கண்ணைப் பறிக்கும் ஒளி தந்த விளக்கு அது. கடையில் பார்த்தபோது எதிர்ச்சுவரை வெண்பகலாக்கியது. தந்தை தமது ஒருநாட் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து அதனை வாங்கினார். அவன் அடுத்த அடியை எங்கே வைப்பான்? புல்லிலே புடையன் பாம்பு கிடப்பினும் அவன் அறியான். இத்தகைய நிலை எந்தப் பாசறையிலும் நேரக்கூடியது. அத்தந்தை குறைந்த பணம் கொடுத்தமை அதற்குக் காரணமன்று. விளக்கின் முதல் நிமிடத்தைப் பார்த்து அதனை வாங்கியமையே காரணம். மின்சூளொன்றை அதன் கடைசி மணி நேரத்தைக் கருத்திற்கொண்டே தெரிவுசெய்தல் வேண்டும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், சிறுதொகை கொண்டும் நல்ல விளக்கொன்றைப் பெற்றுவிடலாம்.

இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்துகொண்டால் தெரிவு எளிதாகும். 1880களில் செருமனியரான கார்ல் காஸ்னர், சிந்தாத வகையிலமைந்த உலர்கலத்தை ஆக்கினார். அதனைப் பயன்படுத்தி, நியூயோர்க்கில் வாழ்ந்த ஆங்கிலேயரான டேவிட் மிசெல் என்பவர், கலங்களைக் குழாய்க்குள் வரிசையாக அடுக்கி, முனையில் மின்குமிழையும் தெறிப்பானையும் பொருத்திய கைவிளக்குக்கு 1899ஆம் ஆண்டு ஆக்கவுரிமை பெற்றார். அக்காலத்துக் கலங்கள் வலிமை குன்றியவை. தொடர்ந்து எரியவிட்டால் விரைவிற் களைத்துவிடும். ஆகவே விளக்கை இடைவிட்டு மின்னச்செய்தே பயன்படுத்தினர். அமெரிக்கர் அதனை மின்னும் விளக்கு என்னும் பொருள்படும் பெயரால் இன்றும் அழைப்பதற்கு இதுவே காரணமாகும்.

அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் மின்சூளின் ஒளி, சூடேறிய மெல்லிய உலோக இழையிலிருந்தே பிறந்தது. இழைக்குமிழ் தான் பெறும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாக வீணாக்கிவிடும். இன்று அதன் இடத்தை, எல்.ஈ.டி. என மக்கள் வழங்கும் ஒளிகாலும் இருவாயி பெற்றுவிட்டது. இதில் இழை இல்லை. குறைகடத்தித் துண்டொன்றினூடாக மின் பாயும்போது அதுவே ஒளியைக் காலுகின்றது. நீல ஒளி தரும் இருவாயியை ஆக்கிய சப்பானிய அறிஞர் இசாமு அகசாகி, இரோசி அமனோ, அவர்களோடு சப்பானிற் பிறந்த சூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சட் பூச்சொன்று மஞ்சள் ஒளியாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன. இப்புதுமையின் பயனாக, முன்னர் பெரிய கலங்கள் சில மணி நேரத்திற் கொடுத்த ஒளியை இன்று விரலளவான கலங்களே தருகின்றன. நல்ல விளக்கு மலிவு விலைக்கு வந்தமையும் இதனாலேயாம்.

மலிவு வந்தபோது மயக்கமும் உடன் வந்தது. விளக்கொன்று எல்லாத் திசைகளிலும் வெளியிடும் ஒளியின் மொத்த அளவை லூமென் என்னும் அலகால் குறிப்பர். நடைபாதைக் கடையிலே உள்ளங்கையில் அடங்கும் மின்சூளின் பெட்டியில் ‘10,000 லூமென்’ என அச்சிட்டிருப்பதைக் காணலாம். இதன் உண்மையை எட்டாம் வகுப்பு மாணவனும் கணக்கிட்டு அறியலாம். சிறிய மின்சூளொன்று, இழப்புகள் போக, ஓர் உவாற்று மின்வலுவுக்கு ஏறத்தாழ 80 லூமென் ஒளி தரும் எனக் கொள்வோம். 10,000 லூமென் பெறுவதற்கு 125 உவாற்று வேண்டும். அவ்விளக்கினுள் இருக்கும் ஒற்றை இலிதியம் கலமோ ஏறத்தாழ 11 உவாற்று-மணி சக்தியையே தேக்கி வைத்துள்ளது. அதாவது, அச்சிட்ட அளவில் ஒளி வீசுமாயின் அது ஐந்து நிமிடங்களில் முற்றாகத் தீர்ந்துவிடும். அதற்கு முன்னரே கையிற் பிடிக்கவொண்ணாதபடி கொதித்துவிடும். நம்பத்தகாத எண்ணை அச்சிட்ட பெட்டிக்குள் நம்பத்தக்க விளக்கு இருக்குமென எதிர்பார்ப்பது பேதைமையாகும்.

பாசறைக்கு வேண்டிய ஒளிதான் எவ்வளவு? கூடாரத்தினுள் படுக்கையை விரிப்பதற்கும் பொருள்களைத் தேடுவதற்கும் 5 முதல் 10 லூமென் போதும். ஒற்றையடிப் பாதையில் நடப்பதற்கு 30 முதல் 50 லூமென் தாராளமானது. தொலைவில் ஒலி கேட்டு அத்திசையை ஆராய்வதற்கும், வழி தவறிய ஒருவனைத் தேடுவதற்கும் 150 முதல் 200 லூமென் வரை பயன்படும். அவ்வளவு ஒளியும் இரவு முழுவதும் வேண்டுவதில்லை. சில நிமிடங்களுக்கே வேண்டும். மேலும், மனிதக் கண் ஒளியை விளக்கு உமிழும் விகிதத்தில் உணர்வதில்லை. 40 லூமெனை 200 லூமென் ஆக்கினால், ஐந்து மடங்கு சக்தி செலவாகும். கண்ணுக்கோ அது ஏறத்தாழ இருமடங்காகவே தோன்றும். இக்காரணத்தால் கூடியதும் குறைந்ததுமாகிய இரண்டு ஒளிப்படிகள் உள்ள மின்சூளே சிக்கனமுள்ளோர்க்கு உகந்தது.

இங்கே காலக்கணக்கு ஒன்றும் போட்டுப் பார்த்தல் நன்று. மாலை உணவு வேளையில் ஒன்றரை மணி நேரம், வெளியே சென்று வருவதற்கு அரைமணி, படுக்கைக்கு ஆயத்தம் செய்ய அரைமணி, விடியுமுன் எழுந்தபின் அரைமணி என ஓர் இரவுக்கு 3 மணி நேரம் விளக்கு எரியும். இரண்டு இரவுகளுக்கு 6 மணி. நோயாளி ஒருவரைக் கவனிப்பதற்கோ, காற்றில் சாய்ந்த கூடாரத்தை நிமிர்த்துவதற்கோ மேலும் 3 மணி நேரம் ஒதுக்கிவைத்தல் அறிவுடைமை. ஆக 9 மணி நேரம் வேண்டும். நமது கடைகளிற் பென்ரோச் பற்றரி எனக் கேட்டு வாங்கும் சிறிய கலங்களில் நல்லவை இரண்டு சேர்ந்து ஏறத்தாழ 5 உவாற்று-மணி சக்தி தரும். 200 லூமெனில் எரித்தால் அது 2 மணி நேரத்தில் முடிந்துவிடும். 40 லூமெனில் எரித்தால் 10 மணி நேரம் நீடிக்கும். முன்னர்ச் சொன்ன சிறுவன் முதல் இரவிலேயே தன் செல்வம் முழுவதையும் செலவிட்டுவிட்டான். அதே கலங்களோடு 40 லூமென் தரும் எளிய விளக்கை அவன் வைத்திருந்தால், இரண்டாம் இரவும் பாதை தெரிந்திருக்கும்.

எரியும் நேரத்தைப் பெட்டியில் அச்சிடும் நிறுவனங்களும் உள. ஆயினும் அவ்வெண்ணின் பொருளை உணர்ந்தே அதனை ஏற்றல் வேண்டும். 2009ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்ட எப்.எல். 1 என்னும் நியமத்தை நல்ல உற்பத்தியாளர் பலர் பின்பற்றுகின்றனர். அதன்படி, விளக்கை ஏற்றி முதல் அரைநிமிடம் கழிந்தபின் காணும் ஒளி, அதன் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை சென்ற நேரமே எரியும் நேரமாகக் கொள்ளப்படும். ஆகவே ‘20 மணி நேரம்’ என்று அச்சிட்ட விளக்கு, இரண்டு மணி நேரம் நன்றாக எரிந்து, எஞ்சிய நேரமெல்லாம் மங்கலாகக் கிடந்தாலும் அவ்வெண் பொய்யாகாது. ஒளி எவ்வாறு குறைகின்றது என்பதே கவனிக்கத்தக்கது. மலிவான விளக்குகளில் கலத்தின் வலிமை தளரத் தளர ஒளியும் படிப்படியாக மங்கும். ஒளியைச் சீராக்கும் மின்சுற்று உள்ள விளக்குகளில் நெடுநேரம் ஒரே அளவான ஒளி கிடைக்கும். முடிவில் அது சடுதியாகக் குறைந்துவிடும். முன்னையது எச்சரிக்கை தரும். பின்னையது இறுதிவரை நிறைந்த ஒளி தரும். தமது விளக்கு எவ்வகையினது என்பதைப் பாசறைக்குச் செல்லுமுன்னரே ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அதனை அறிவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. புதிய கலங்களை இட்டு, மாலை 6 மணிக்கு விளக்கை ஏற்றி, இருட்டறையில் சுவரை நோக்கி வைத்துவிட வேண்டும். மணிக்கொரு முறை அச்சுவரொளியில் ஒரு புத்தகத்தை வாசிக்க முடிகின்றதா எனப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். எழுத்துத் தெரியாமற்போன நேரமே அவ்விளக்கின் உண்மையான ஆயுள். இதற்குச் செலவு ஒரு சோடிக் கலங்கள் மட்டுமே. பாடசாலையில் மாணவர் தத்தம் விளக்குகளைக் கொணர்ந்து இச்சோதனையைச் செய்து அட்டவணை அமைப்பாராயின், அது நல்லதொரு விஞ்ஞான பாடமாகவும் அமையும்.

இனி, கலத்தின் வகை. மின்சூளின் விலையைப் பார்ப்போர் பலர். அது உண்ணும் கலத்தின் விலையைப் பார்ப்போர் சிலரே. நாகமும் காபனும் கொண்ட சாதாரண உலர்கலம் விலை குறைந்தது, சக்தியும் குறைந்தது. காரக்கலம் விலை கூடியதாயினும் அதனினும் பன்மடங்கு நேரம் உழைக்கும். மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலத்தை நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்தலாம். ஆண்டுதோறும் பாசறைக்குச் செல்லும் பாடசாலைக்கு இதுவே சிக்கனமானது. இதன் மின்னழுத்தம் 1.5 வோல்ற்றுக்குப் பதிலாக 1.2 வோல்ற்று ஆதலால், இதனையும் ஏற்கும் மின்சூளா என விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். இலிதியம் கலம் சக்தி மிக்கது. ஆனால் குளக்கரையில் அதற்கு மின்னேற்ற வழியில்லை; தரம் தாழ்ந்த கலம் சூடேறித் தீப்பற்றவும் கூடும். ‘18650’ எனப்படும், 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமுமுள்ள கலத்தின் மீது 9,900 மில்லி அம்பியர்-மணி எனப் பொறித்திருப்பின் அது பொய்யென உணர்க. பரவலாகக் கிடைக்கும் தரமான கலங்களின் கொள்ளளவு 3,500 அளவிலேயே நிற்கும்.

கலம் கழற்றவொண்ணாதபடி உள்ளேயே பொருத்தி, சுவரில் சொருகி மின்னேற்றும் விளக்குகளும் உண்டு. அவற்றிற் சில சிறிய ஈயக்கலம் கொண்டவை. சில மாதங்கள் மின்னேற்றாது விட்டால் அக்கலம் பழுதாகிவிடும். அத்தோடு விளக்கும் குப்பைக்குப் போய்விடும். இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, இரண்டு பென்ரோச் பற்றரிகளில் எரியும் எளிய மின்சூளே மாணவர்க்குப் பொருத்தமெனத் தோன்றும். எந்தச் சிற்றூர்க் கடையிலும் அக்கலம் கிடைக்கும். குழுவினர் அனைவரும் ஒரே அளவான கலத்தைப் பயன்படுத்தினால், ஒருவரது விளக்கு அணையும்போது மற்றொருவர் உதவலாம். உதிரிக் கலங்களையும் பொதுவில் வாங்கி வைக்கலாம்.

ஒளியின் வடிவமும் கருதத்தக்கது. சில விளக்குகள் ஈட்டிபோல் நெடுந்தூரம் பாயும் குறுகிய கற்றையைத் தரும். சில பாய் விரித்தாற்போல் அகன்ற ஒளியைத் தரும். எப்.எல். 1 நியமத்தில் ‘100 மீற்றர்’ எனக் குறிப்பிட்டால், அத்தொலைவில் விழும் ஒளி 0.25 லக்ஸ் அளவினது என்பது பொருள். அது தெளிந்த வானில் நிறைமதி சொரியும் நிலவொளிக்கு ஏறத்தாழ ஒப்பானது. அவ்வொளியில் உருவம் தெரியுமேயன்றி, பாம்பையும் வேரையும் வேறுபிரித்தறிய இயலாது. நடப்பவனுக்கு வேண்டியது காலடியிலிருந்து ஐந்தாறு மீற்றர் தூரம் சமமாகப் பரவும் ஒளியே. கடையில் விளக்கைச் சுவரை நோக்கிப் பிடித்துப் பார்க்கும்போது, நடுவில் ஒரு வெண்புள்ளியும் சுற்றிலும் இருண்ட வளையங்களுமாகத் தெரிந்தால் அதனை விலக்கலாம். காட்டு யானைகள் நடமாடும் பகுதிகளில் தொலைவை ஆராய்வது பொறுப்பாசிரியரின் கடமை. ஆகவே முப்பது பேர் கொண்ட குழுவுக்கு நெடுந்தூர விளக்கு ஒன்றிரண்டை பாடசாலையே வாங்கி வைத்தல் போதுமானது. முப்பது பெற்றோரும் அச்செலவைச் சுமக்க வேண்டியதில்லை.

மின்சூளின் உடலமைப்பைச் சோதிப்பதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். கலங்களை இட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஒளி துடித்தால் உள்ளேயுள்ள சுருளி வில்லோ இணைப்போ தளர்வானது. மூடியைத் திறந்து, நீர் புகாவண்ணம் இறப்பர் வளையம் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். ஐ.பி.எக்ஸ். 4 என்னும் குறி எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். ஐ.பி.எக்ஸ். 7 ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பழுதுறாது என்பதைக் குறிக்கும். பாசறைக்கு முன்னையதே போதும். ஆளி பைக்குள் தானாக அழுந்தக்கூடியதாயின், பாசறையை அடையுமுன்னரே கலம் தீர்ந்துவிடும். பயணத்தின்போது ஒரு கலத்தைத் தலைகீழாக இட்டுவைத்தால் இவ்வின்னல் நேராது. புறப்படுமிடத்தில் அதனை நேராக்க மறத்தலாகாது.

கையில் ஏந்தும் விளக்கா, நெற்றியில் அணியும் விளக்கா எனின், கூடாரம் கட்டுவோர்க்கும் சமைப்போர்க்கும் நெற்றிவிளக்கு பேருதவியாகும்; இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். ஆயினும், அது எதிரே நிற்பவர் கண்ணைக் கூசச் செய்யும். மலைநாட்டுக்குச் செல்வோர்க்கு வேறொரு காரணமும் உண்டு. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் இரவில் ஏறுவது வழக்கம். மார்கழி நிறைமதி முதல் வைகாசி நிறைமதி வரையான பருவகாலத்திலே படிவழியில் விளக்குகள் எரியும். எனினும் மூடுபனி இறங்கும்போது கைவிளக்கும் வேண்டப்படும். மூடுபனியில் நெற்றியிலிருந்து புறப்படும் ஒளி பனித்துளிகளிற் பட்டுக் கண்ணுக்கே திரும்பி, வெண்திரையொன்றை எழுப்பும். அதே விளக்கைக் கழற்றி இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் படிகள் தெளிவாகத் தெரியும்.

கைத்தொலைபேசியிலும் விளக்கு உண்டே, தனி விளக்கு எதற்கு என வினவுவோர் உளர். அவ்வொளி அவசரத்துக்கு உதவும் என்பது மெய்யே. ஆனால் தொலைபேசி, இடர் நேரும்போது உதவி கேட்பதற்காக உடன்கொண்டு செல்லப்படுவது. அதன் சக்தியை வழி பார்ப்பதில் தீர்த்துவிட்டால், வைத்தியரை அழைக்க வேண்டிய வேளையில் அது வாய்மூடிக் கிடக்கும்.

விளக்கைத் தெரிவுசெய்தபின் அதனைப் பயன்படுத்தும் முறையும் கற்பிக்கப்பட வேண்டும். மனிதக் கண் இருளுக்கு முற்றாக இசைவுபட 20 முதல் 30 நிமிடங்கள் வரை செல்லும். மங்கிய ஒளியில் பார்வைக்கு உதவும் கோல்கள் எனும் கலங்கள், கூரிய வெள்ளொளி பட்டதும் தம் ஆற்றலை இழந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒருவர் முகத்தில் விளக்கடிப்பவர் அவரைச் சில நிமிடங்களுக்கு ஏறக்குறையக் குருடராக்கிவிடுகின்றார். ஆதலால் ஒளியை என்றும் நிலத்தை நோக்கியே பிடித்தல் பாசறை ஒழுக்கமாகும். சிவப்பொளியைக் கோல்கள் பெரிதும் உணர்வதில்லை. எனவே சில விளக்குகளில் சிவப்பொளியும் அமைத்துள்ளனர். அஃதில்லாதோர் சிவப்பு மெல்லிய தாளொன்றை முகப்பிற் கட்டிக்கொண்டால், விண்மீன்களைக் காணவும், உறங்குவோரை எழுப்பாமல் நடமாடவும் அதுவே போதும்.

பாம்புக் கடியைத் தவிர்ப்பதே வரண்ட பிரதேசத்துப் பாசறையில் மின்சூளின் தலையாய பணி. புடையன் பெரும்பாலும் இரவிலே இயங்கும், மிதிபட்டாற் கடிக்கும். கட்டுவிரியனோ நிலத்தில் உறங்குவோரையும் தீண்டும். கடித்த இடத்தில் பெரும்பாலும் நோவோ வீக்கமோ தோன்றாமையால், தீண்டப்பட்டவர் அதனை உணராமலே மீண்டும் உறங்கிவிடுவதும் உண்டு. படுக்குமுன் பாயையும் போர்வையையும் உதறி ஒளியில் பார்த்தல், எழுந்தவுடன் காலை ஊன்றுமுன் நிலத்தைப் பார்த்தல், சப்பாத்தை அணியுமுன் அதனுள்ளே பார்த்தல் ஆகிய மூன்றும் பழக்கமாதல் வேண்டும். இதற்கு விளக்கு தலைமாட்டில், கையெட்டும் ஒரே இடத்தில், இரவுதோறும் இருத்தல் இன்றியமையாதது. இருளிலே தேடவேண்டிய விளக்கால் பயனில்லை. ஐயத்துக்கிடமான கடி எதுவாயினும் தாமதியாது அரச வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

தனித்து வழிதவறியவருக்கு மின்சூள் குரலாகவும் உதவும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளியை மின்னச்செய்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை மின்னச்செய்வது மலையேறுவோரிடையே அபாய அறிவிப்பாகும். நிமிடத்துக்கு மூன்று முறை மின்னும் ஒளி அதற்கு மறுமொழியாகும். கலத்தில் சிறிது சக்தி எஞ்சியிருந்தாலே இதுவும் இயலும். வீடு திரும்பியதும் கலங்களை வெளியே எடுத்துவைத்தல் வேண்டும். இல்லையேல் அவை கசிந்து இணைப்புகளை அரித்துவிடும். பழைய கலத்தையும் புதிய கலத்தையும் சேர்த்து இடுதலும் தவறு.

ஆகவே, கடைக்குச் செல்லும் தந்தை கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இது குறைந்த ஒளியில் எத்தனை மணி நேரம் எரியும்? இதற்குரிய கலம் பாசறைக்கு அருகேயுள்ள கடையிற் கிடைக்குமா? மழைத் தூறலையும் ஒரு வீழ்ச்சியையும் இது தாங்குமா? இவற்றுக்குத் தக்க விடை தரும் விளக்கு, கண்ணாடிப் பேழையில் மின்னும் பெரிய விளக்குகளின் அருகே எளியதாகவே தோன்றும். விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மிஞ்சிய பணத்தில் ஒரு சோடி உதிரிக் கலங்களை வாங்கிப் பிள்ளையின் பையில் வைத்துவிடலாம். இரண்டாம் நாள் இரவில், பாசறைத் தீ அணைந்தபின், குளக்கரைப் பாதையில் அப்பிள்ளை தனியே நடக்கும்போது, அவன் காலடியில் விழும் சிறு வெளிச்சம் தந்தை கூடவே வருவதற்கு ஒப்பாகும்.